மீஞ்சூர் நீரும் மென்னீர்ப் பொறியும்

ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடையே, பழவேற்காட்டு ஏரிக்குத் தெற்கே அமைந்த மீஞ்சூர் வட்டாரத்தில், ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி வாழும் இல்லங்களில் துணிக்குச் சோப்பு போட்டால் நுரை எழாமல் திரிந்து போவதும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் கெட்டித்து நிற்பதும், ஸ்நானம் செய்தபின் தலைமயிர் சிக்குண்டு கிடப்பதும் அன்றாட அநுபவங்கள். இவற்றுக்குக் காரணமான கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நீரிலிருந்து கவர்ந்துகொள்ளும் பொறியையே வாட்டர் சாஃப்ட்னர் என்கிறோம். அதை வாங்கிப் பொருத்துவது எளிது. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த வேளையில் அது தன்னைச் சுத்தி செய்துகொள்ள வேண்டும் என்று நிர்ணயிப்பதில்தான் அதன் பயன் அடங்கியிருக்கிறது.

பொறியின் நெடிய உருளைக்குள் மீன்சினையைப் போன்ற பொன்னிற மணிகள் நிறைந்திருக்கும். ரெசின் எனப்படும் அம்மணிகள் சோடியத்தைத் தாங்கி நிற்பவை. கடின நீர் அவற்றினூடே இறங்கும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தம்மிடம் இருத்திக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை நீருக்குக் கொடுத்துவிடும். கொடுப்பதற்குச் சோடியம் தீர்ந்ததும், பக்கத்துத் தொட்டியிலுள்ள செறிந்த உப்புநீரை மணிகளின்மேல் பாய்ச்சினால், உப்பின் மிகுதியால் பண்டமாற்று தலைகீழாகி, சிறைப்பட்ட கால்சியம் வெளியேறிச் சாக்கடைக்குப் போகும். இந்த விநோதத்தை 1850-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் முதன்முதலாக ஆராய்ந்தவர்களான தாம்ஸன், வே என்னும் இருவரும் அதைக் கண்டது எந்தப் பொறியிலும் அன்று, சாதாரண வயல் மண்ணிலேயே. எரு உப்பின் கரைசலை மண்ணில் ஊற்ற, அடியில் சுண்ணாம்புச் சத்து கசிந்து வந்தது.

மீஞ்சூர் மண்ணும் அதே தொழிலைத்தான் செய்துகொண்டிருக்கிறது. சென்னை மாநகரின் தாகத்துக்காக இவ்வட்டாரத்துக் கிணறுகளிலிருந்து பல்லாண்டுகள் நீரை இறைத்ததாலும், பாசனத்துக்கு இறைத்ததாலும் நிலத்தடி நீர்மட்டம் தாழ, அந்த வெற்றிடத்தை நோக்கிக் கடல்நீர் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளே புகுந்தது. நீரெடுப்பைக் கட்டுப்படுத்த 1987-ல் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. புகுந்த கடல்நீரின் சோடியத்தைப் பூமிக்கடியிலுள்ள களிமண் ஏற்றுக்கொண்டு, தன்னிடமிருந்த கால்சியத்தைக் கிணற்றுக்குத் தந்துவிடுகிறது. கடல்நீரே லிட்டருக்கு ஆறாயிரம் மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை உடையது. மண் கொடுப்பதும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. இங்கே உப்பும் கடினமும் ஒன்றாக வருவதன் ரகசியம் இதுதான். மென்னீர்ப் பொறி இவ்விரண்டில் கடினத்தை மட்டுமே நீக்கும். உப்புக் கரிப்பை நீக்க, 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும்படி தொடங்கப்பட்ட கடல்நீர் ஆலையிலுள்ளதைப் போன்ற சவ்வு முறை வேண்டும்.

இனி கால நிர்ணயத்துக்கு வருவோம். பொறியில் 25 லிட்டர் ரெசின் இருப்பதாகக் கொள்வோம். லிட்டருக்குச் சுமார் 120 கிராம் உப்பிட்டுப் புதுப்பித்தால், ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 50 கிராம் கடினத்தை ஏற்கும். ஆக மொத்தம் 1,250 கிராம். கிணற்று நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால் 2,500 லிட்டர் வரை மென்னீர் கிடைக்கும். நாளுக்கு 600 லிட்டர் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது நான்கு நாளுக்குச் சற்று மேல் வரும். ஆயினும் விருந்தினர் வரும் நாளையும், உப்பு மிகுந்த நீரில் சோடியமே போட்டியிட்டு மணிகளின் திறனைக் குறைத்துவிடுவதையும் எண்ணி, மூன்று நாளென்று வைப்பதே விவேகம். ஒவ்வொரு முறையும் மூன்று கிலோ உப்புச் செலவாகும். உப்பை இரட்டித்தால் திறனும் இரட்டிக்கும் என்று எண்ணுவோர் உண்டு. அது ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. சித்திரை வைகாசியில் கடினம் 700-க்கு ஏறினால் அதே கணக்கு இரண்டு நாளாகச் சுருங்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்குப்பின் மறுபடி சோதித்து மாற்றலாம். துளித்துளியாக விட்டு நிறம் மாறுவதை எண்ணும் சிறு சோதனைப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தால் போதும்.

பொறிகள் பெரும்பாலும் நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு இயங்கும்படியே வருகின்றன. பின்னோட்டமாகக் கழுவுதல், உப்புநீர் பாய்ச்சுதல், அலசுதல் ஆகியவற்றுக்கு ஒன்றரை மணி நேரமளவு ஆகும். அதற்குள் குழாயைத் திறந்தால் கடின நீரே வரும் என்பதால் உறங்கும் வேளையைத் தேர்ந்தார்கள். நம் வீடுகளிலோ மோட்டார் ஓடும்போதுதான் பொறிக்குள் நீர் அழுத்தத்தோடு பாய்கிறது; மாடித் தொட்டியின் அழுத்தம் மணிகளைக் கிளறிக் கழுவப் போதாது. மோட்டார் நின்றிருக்கும் இரண்டு மணிக்குச் சக்கரம் சுழன்றாலும் சுத்தி நடவாது. ஆகவே மோட்டார் போடும் நேரத்தோடு பொறியின் நேரத்தையும் பொருத்தி வைக்க வேண்டும். மின்தடைக்குப்பின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொட்டியில் இடுவது தூய கல்லுப்பாக இருக்கட்டும்; உப்பளத்திலிருந்து வந்தபடியே உள்ள அழுக்குப்பில் நாம் நீக்க முயலும் மெக்னீசியமே கலந்திருக்கும். கழிவுநீர்க் குழாயைக் கிணற்றோரத்திலும், 2003 முதல் வீடுதோறும் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்புக் குழியிலும் விடவே கூடாது. ஒரு முறைக்கு மூன்று கிலோ உப்பு, மாதத்தில் பத்து முறை. அத்தனையும் அதே நிலத்தடி நீருக்குள் இறங்கும்.