லாரி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வயலுக்குப் போகலாமா?

"டாக்டர், இன்னிக்கு நான் உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கேன்னா, அதுக்குக் காரணம் எங்க நெலத்துல வேலை செய்யற அந்த அம்மாதான்!"

வந்தவாசியில் என் மருத்துவமனைக்குள் நுழையும்போதே இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தார் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். வயது 61. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். பெயர் வேண்டாம். ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துக் கேலி செய்வார்கள்!

நடந்தது இதுதான். அவருடைய மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறார். "அப்பா மழையில நனைஞ்சுக்கிட்டு நெலத்துக்குப் போறார்" என்று அம்மா போனில் சொல்ல, பையன் ஆசையாக ஒரு கோட்டு வாங்கி அனுப்பிவிட்டார். மெழுகு பூசிய பருத்திக் கோட்டு. ஆலிவ் பச்சை நிறம், உள்ளே கட்டம் போட்ட லைனிங், கழுத்து வரை ஜிப். அந்த நாட்டு கிராமத்துப் பண்ணைக்காரர்கள் மழைக்குப் போடுவது. விலை, நம் பணத்தில் 25 ஆயிரத்துக்கு மேல்!

ஐப்பசி மாதம். தூறல் விட்டு விட்டுப் பெய்கிறது. காற்றே இல்லை, ஒரே புழுக்கம். வாத்தியார் கோட்டைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார். ஒன்றரை மணி நேர வேலை. திடீரென்று தலைசுற்றல், குமட்டல், கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே வரப்பில் சாய்ந்துவிட்டார்.

பக்கத்தில் நடவு வேலையில் இருந்த அம்மா ஓடி வந்து, முதல் வேலையாகக் கோட்டைக் கழற்றி எறிந்தாராம். உள்ளே சட்டை பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு வேர்வை. ஈரத் துணியால் முகம், கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்து, முறத்தால் விசிறி, அவர் தெளிந்து பேசிய பிறகு உப்புப் போட்ட மோர் கொடுத்திருக்கிறார். கூடவே ஒரு திட்டும்.

"இன்னா சார் இது? லாரிக்குப் போடற தார்ப்பாயை எடுத்து மாட்டிக்கினு வந்துகீறீங்க? ஒடம்பு எப்படி மூச்சு உடும்?"

நான் சிரிக்கவில்லை. நாலு வருஷம், அஞ்சு வருஷம் படித்த நாம் சொல்ல வேண்டியதை அந்த அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். என் பங்குக்கு வெட்கமும் பட்டேன். ஏனென்றால், அதற்கு மூன்று வாரம் முன்புதான் இதே வாத்தியார் மார்பிலும் அக்குளிலும் படர்தாமரை என்று என்னிடம் வந்தார். மருந்து கொடுத்தேன், பத்தியம் சொன்னேன். "என்ன துணி உடுத்துகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோயில்லா நெறி என்பது எங்கள் கல்லூரியில் தனிப் பாடம். அதைப் படித்தவன் கேட்டிருக்க வேண்டாமா? அன்று கேட்டிருந்தால் அவர் வரப்பில் விழுந்திருக்க மாட்டார்.

அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

மண்பானையும் எவர்சில்வர் குடமும்

சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் நுண் துளைகள் வழியாக நீர் கசிந்து, வெளியே ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. எவர்சில்வர் குடத்தில் இந்த வித்தை நடக்காது.

நம் உடம்பும் ஒரு மண்பானைதான். ஒரு லிட்டர் வேர்வை முழுசாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பை விட்டு வெளியேறும். 'ஆவியானால்' என்பதைக் கவனியுங்கள். உடம்பிலேயே வழிந்து சொட்டுகிற வேர்வையால் குளிர்ச்சி கிடைக்காது. உப்பும் தண்ணீரும் போனதுதான் மிச்சம். காற்றுப் புகாத கோட்டுக்குள் இருந்த வாத்தியாருக்கு நடந்தது இதுதான். வேர்வை கொட்டியது, சூடு இறங்கவில்லை.

ஆகவே எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றே ஒன்று: வேர்வைக்கு இதில் வாசல் இருக்கிறதா?

அந்தக் கோட்டு கெட்டதா?

இல்லவே இல்லை! பிறந்த நாட்டில் அது நல்ல உடுப்பு. பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிகள் பாய்த்துணிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி மழைக்குப் போட்டுக்கொண்டார்கள். எண்ணெய் நாளாக ஆக மஞ்சளாகி விறைத்துப் போகும். பிறகு 1930-களில் பாரஃபின் மெழுகு ஏற்றிய பருத்தித் துணி வந்தது. 1894-ல் சவுத் ஷீல்ட்ஸ் என்ற துறைமுக ஊரில் தொடங்கிய பார்பர் கம்பெனி இந்தக் கோட்டுக்குப் பேர் போனது. முள்ளில் மாட்டினாலும் சுலபத்தில் கிழியாது. அவ்வப்போது மெழுகு ஏற்றினால் பல வருஷம் உழைக்கும். ஆனால் வெந்நீரில் ஊறவைத்து சோப்புப் போட்டுத் துவைக்க முடியாது. துவைத்தால் மெழுகு போய்விடும். தினமும் வேர்வை ஊறும் நம் ஊரில் இது சின்ன விஷயமா?

நம்ம லாரி தார்ப்பாய்க்கும் இதற்கும் உறவு உண்டு. அதுவும் முதலில் தார் பூசிய கித்தான் துணிதான். அந்த அம்மா கோபத்தில் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்!

புதுசு எல்லாம் மோசமா?

'பழசு எல்லாம் நல்லது, புதுசு எல்லாம் கெட்டது' என்று சித்த வைத்தியர் சொல்வார் என்று எதிர்பார்த்தீர்களா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

1823-ல் சார்லஸ் மேக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்து மழைக்கோட்டு செய்தார். மழை உள்ளே வராது. வேர்வையும் வெளியே போகாது. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த டெரிலின்தான் இன்று நாம் சொல்லும் பாலியெஸ்டர். கசங்காது, சாயம் போகாது, சீக்கிரம் காயும். ஒரு காலத்தில் நம் வீடுகளில் டெரிலின் சட்டை போடுவதே ஒரு கௌரவம்!

1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் நுண் துளைகள் கொண்ட ஒரு சவ்வைக் கண்டுபிடித்தார். மழைத்துளி நுழைய முடியாத, ஆனால் வேர்வை ஆவி வெளியேறக்கூடிய துளைகள். 'கோர்டெக்ஸ்' என்று விற்பது அதுதான். நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி வேகமாக வெளியே ஓடும. மலைக்குளிரில் அது நடக்கும். நம் ஐப்பசிப் புழுக்கத்தில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது அந்தச் சவ்வும் திணறும்.

சரி, பருத்தி? சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. அதனால்தான் வெயிலில் பருத்தி இதமாக இருக்கிறது. தளர்வான பருத்திச் சட்டை வேர்வையை உறிஞ்சி, காற்றில் விட்டு, மண்பானை வேலையைச் செய்கிறது. ஆனால் மழையில் இதே குணம்தான் குறை. தொப்பலாக நனைந்த பருத்தி லேசில் காயாது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். நனைந்த வேட்டியோடு மார்கழிக் காற்றில் பைக் ஓட்டினால் பல் கிட்டிக்கொள்வது இதனால்தான். ஆடு மேய்ப்பவர்கள் மழையில் கம்பளியை விடாததற்கும் காரணம் உண்டு. கம்பளி ஓரளவு நனைந்தாலும் கதகதப்பு விட்டுப்போகாது.

பக்கத்து ஊர் ஆரணியில் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்பவரைப் பாருங்கள். கையில் பட்டு, இடுப்பில் பருத்தி வேட்டி! எந்தத் துணி எதற்கு என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

கொங்காணியின் ரகசியம்

நாற்று நடும் பெண்கள் அந்த நாளில் மழைக்குச் சாக்குக் கொங்காணி போடுவார்கள். கோணிச் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகினால் தலைக்குக் குல்லாவாகும், முதுகை முழுக்க மூடும். முன்பக்கம்? திறந்தே கிடக்கும்! குனிந்து நடுகிறவருக்கு மழை விழுவது முதுகில்தானே? முன்னால் காற்று தாராளமாக வந்து போகும்.

சாக்கு நனைந்தால் கனக்கும். அதனால் இப்போது பிளாஸ்டிக் தாளையே அதே மாதிரி மடித்துப் போடுகிறார்கள். புதுப் பொருள், பழைய வெட்டு. எனக்குத் தெரிந்து நம் ஊர் மழைக்கு இதைவிடப் பொருத்தமான உடுப்பு இல்லை. 25 ஆயிரம் ரூபாய்க் கோட்டில் இல்லாத வாசல் இந்தச் சாதாரணத் தாளில் இருக்கிறது. (பூச்சிமருந்து வந்த பையை மட்டும் கழுவிக்கூடப் பயன்படுத்தாதீர்கள்.)

வாசல் அடைத்தால் வரும் வினை

வேர்வை வெளியேறாமல் தோல் ஊறிக்கொண்டே இருந்தால் முதலில் வேர்க்குரு. அடுத்து அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் படர்தாமரை. வயல்காரர்களுக்குச் சேற்றுப்புண். இறுக்கமான ஜீன்ஸ் போடும் கல்லூரிப் பிள்ளைகளும், நைலான் உள்ளாடை அணியும் பெண்களும் இதற்குத் தப்புவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூசிய இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் பூஞ்சை உள்ளுக்குள் பரவும், தோலும் மெலியும். 2018-ல் மத்திய அரசு தோலில் பூசும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான். நம் வாத்தியாரும் என்னிடம் வரும் முன் அப்படி ஒரு டியூபைக் காலி செய்தவர்தான்!

ஆரம்ப நிலைப் படர்தாமரைக்கு சீமை அகத்தி இலைக் களிம்பு சித்த மருத்துவத்தில் காலங்காலமாக உள்ளது. இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ தாமதிக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

வெப்பம் தலைக்கேறினால் அது விளையாட்டில்லை. தமிழக அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. தலைசுற்றல், குமட்டல் வந்தால் நிழலுக்குக் கொண்டு போய், துணியைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்து விசிறுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் உப்பு மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ, நினைவு தப்பினாலோ வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே 108-க்குப் போன் போடுங்கள்.

எப்போது எதை உடுத்தலாம்?

* வெயிலில் வேலை: வெளிர் நிறத்தில், தளர்வான, முழுக்கைப் பருத்திச் சட்டை. தலைக்குப் பருத்தித் துண்டு.

* காலை ஓட்டம், விளையாட்டு: மெல்லிய பாலியெஸ்டர் பனியன் தவறில்லை. வேர்வையை வெளிப்பக்கம் கடத்திச் சீக்கிரம் காயும். ஆனால் நாற்றம் அதில் தங்கும். தினமும் துவைத்தே ஆக வேண்டும்.

* மழையில் பைக்: பிளாஸ்டிக் கோட்டு போதும். போய்ச் சேர்ந்ததும் கழற்றி உதறிக் காயப்போடுங்கள். அதோடு உடல் உழைப்பு வேண்டாம்.

* மழையில் வயல்வேலை: முன்பக்கம் திறந்த கொங்காணி. வீட்டுக்கு வந்ததும் துடைத்து, உலர்ந்த துணி மாற்றுங்கள். ஈரத்துணி உடம்பிலேயே காயக் கூடாது.

* பள்ளிப் பிள்ளைகள்: சீருடை டெரிகாட்டனாக இருந்தாலும், உள்ளே பருத்தி பனியனும் பருத்தி சாக்ஸும் இருக்கட்டும்.

* அடுப்படியிலும் தீபாவளிப் பட்டாசிலும்: பாலியெஸ்டர், நைலான் வேண்டாம். தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டும்.

* படர்தாமரை இருந்தால்: துண்டு, உள்ளாடை தனித்தனி. வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

நம் வாத்தியார் இப்போது தேறிவிட்டார். படர்தாமரையும் போய்விட்டது. "பையன் மனசு கஷ்டப்படுமே டாக்டர், கோட்டை என்ன பண்றது?" என்றார். மார்கழி விடியலில் பம்ப்செட் போடப் பைக்கில் போகும்போது மாட்டிக்கொள்ளச் சொன்னேன். ஊட்டிக்குப் போனால் கண்டிப்பாக எடுத்துப் போகச் சொன்னேன். மண்வெட்டியைத் தொடும் முன் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்!

வந்தவாசி, கோரைப்பாய்க்குப் பேர் போன ஊர். மே மாதத்து ராத்திரியில் பிளாஸ்டிக் பாயில் படுத்தால் முதுகு ஒட்டும். கோரைப்பாயில் படுத்தால் தூக்கம் வரும். பாயில் நமக்குத் தெரிந்த இந்தக் கணக்கை, நாளைக் காலை அலமாரியைத் திறந்து சட்டை எடுக்கும்போதும் கொஞ்சம் போட்டுப் பாருங்களேன்!