பெண்குறிப் புறவுறுப்பின் குருதிக்குழல் நோய்கள்: பெயரும் பாகுபாடும்

பொருள்கட்குத் தோற்றங் கண்டு பெயரிடுதலும் உண்டு. இயல்பறிந்து பெயரிடுதலும் உண்டு. மருத்துவத்தில் இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமை சொல்லளவில் நில்லாது, மருந்தையும் அறுவையையும் உறுதி செய்வதாகும். பெண்குறிப் புறவுறுப்பில் காணப்பெறும் குருதிக்குழல் நோய்கள் இதற்குத் தக்க சான்றாம். நாணத்தால் நெடுநாள் மறைக்கப்படும் இடமாதலின், இங்குப் பெயர் பிழைத்தால் நேரும் தீங்கும் பெரிது. ‘அல்குல்’ என்னும் இலக்கியச் சொல்லின் பொருள் பற்றி அறிஞரிடைக் கருத்து வேற்றுமை இருத்தலின், அச்சொல் ஈண்டு ஆளப்பெறவில்லை.

19ஆம் நூற்றாண்டில் செருமானிய அறிஞர் விர்க்கோ இந்நோய்களைக் குழல்களின் வடிவு நோக்கி வகுத்தார். அவர் ஆண்ட ‘ஆஞ்சியோமா’ என்னும் சொல்லின் முற்பகுதி குழலைக் குறிக்கும். ‘ஓமா’ என்னும் ஈறு மருத்துவ வழக்கில் கட்டியைக் குறிக்கும். காலப்போக்கில் அவ்வீறு, வளரும் கட்டிக்கும் கருவிலேயே பிழைபட அமைந்த குழலுக்கும் ஒருங்கே வழங்கலாயிற்று. ‘ஹெமாஞ்சியோமா’ என்ற ஒரு பெயரின்கீழ்த் தானே சுருங்குவதும் என்றும் சுருங்காததும் அடங்கின. காத்திருக்கத் தக்கதை அறுத்தலும், காத்திருந்தும் மறையாததற்குக் காத்திருத்தலும் இம்மயக்கத்தின் விளைவுகள்.

இதனைத் தீர்த்தவர் அமெரிக்க நாட்டுப் பாசுடன் நகர அறிஞர்களான மல்லிக்கனும் குளோவாக்கியும் ஆவர். 1982இல் அவர்கள் வடிவை விடுத்து உயிரணுக்களின் செயலை அளவுகோலாகக் கொண்டனர். குழலின் உட்பரப்பு உயிரணுக்கள் மிகுதியாகப் பெருகின் அது கட்டி. பெருக்கமின்றிக் குழலின் அமைப்பே பிழைபட்டிருப்பின் அது பிறழமைப்பு. இப்பாகுபாட்டைத் தழுவியே இத்துறையின் பன்னாட்டுக் கழகம் 1996இல் தன் வகைமுறையை வகுத்தது. 2014இலும் 2018இலும் அதனை விரித்தது.

முதலாவதாகிய கட்டிக்குக் குழவிப் பருவக் கட்டியே தலையாய எடுத்துக்காட்டு. இது பிறந்த சில கிழமைகளில் தோன்றி விரைந்து வளரும். பெரும்பகுதி வளர்ச்சி ஐந்து திங்களுள் முடியும். பின்னர் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும். ஈரமும் உராய்வும் உள்ள இவ்விடத்தில் இஃது எளிதில் புண்படும். அப்புண்ணைப் பிறர் இழைத்த தீங்கின் அடையாளமெனப் பிழைபட ஐயுற்ற நிகழ்ச்சிகளும் மருத்துவ ஏடுகளில் உள. சரியான பெயர் ஒரு குடும்பத்தைப் பெரும்பழியினின்று காக்கவும் கூடும் என்பது இதனாற் பெறப்படும். கட்டி அகலப் பரவியிருப்பின் முதுகுத்தண்டு, சிறுநீர் வழி, குதவழி ஆகியவற்றின் அமைப்பையும் ஆராய்தல் வேண்டும். இக்கட்டியின் உயிரணுக்களில் குளுட்-1 என்னும் புரதம் காணப்படுதல் 2000இல் வெளியிடப்பட்டது. அதுமுதல் ஐயமுற்றவிடத்துத் திசு ஆய்வால் இதனைப் பிரித்தறிதல் எளிதாயிற்று. பிரான்சு நாட்டுப் போர்தோ நகர மருத்துவர் 2008இல் வெளியிட்ட செய்தியின் பயனாகப் புரோப்ரனலால் இதற்குரிய முதன்மை மருந்தாயிற்று.

இரண்டாவதாகிய பிறழமைப்பு பிறக்கும்போதே உள்ளது. எனினும் பின்னரே புலப்படுதலும் உண்டு. சிரைப் பிறழமைப்பு மென்மையாய், அழுத்தச் சுருங்கி, நிற்கும்போது புடைக்கும். பூப்பிலும் கருவுற்ற காலத்தும் பெருகும். நிணநீர்க்குழற் பிறழமைப்பு சிறு கொப்புளங்களாய்த் தோன்றும். தமனியும் சிரையும் நேரே இணைந்ததாயின் தொட்டால் துடிப்பு உணரப்படும். புரோப்ரனலால் இவற்றைச் சுருக்குவதில்லை. சிரைப் பிறழமைப்பிற்குக் குழலை இறுக்கும் மருந்தை ஊசி வழியே செலுத்துதல் போன்ற முறைகளே உதவும்.

இவ்விரண்டனுள் அடங்காதனவும் உள. கருவுற்றார்க்குத் தோன்றும் சிரைப் புடைப்பு, மகப்பேற்றின்பின் பெரும்பாலும் தணியும். ஆஞ்சியோகெரட்டோமா என்னும் சிறு செம்பருக்கள் தீங்கற்றன. ஆயினும் குருதி உறைந்து கருத்தவழி மெலனோமா என்னும் கொடிய புற்றுநோய் போலத் தோன்றி அச்சுறுத்தும். இளமையிலேயே உடலிற் பலவிடத்தும் அவை தோன்றின் ஃபாப்ரி நோயை நினைத்தல் வேண்டும். ‘பயோசெனிக் கிரானுலோமா’ என்பது சீழாலாகிய மணிக்கட்டி எனப் பொருள்படும் பெயர். அதிற் சீழுமில்லை, கிரானுலோமாவுமில்லை. அது நுண்குழல்கள் திரண்ட தீங்கற்ற கட்டியே. தோற்றத்தால் இட்ட பெயர் இயல்பை மறைத்தற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஆகவே நோயறிவார் முதற்கண் வினவத்தக்கன நான்கு: எப்பொழுது தோன்றிற்று? விரைந்து வளர்கிறதா, உடலோடு ஒப்ப வளர்கிறதா? அழுத்தச் சுருங்குகிறதா? துடிக்கிறதா? விடை தெளிவாகாவிடின் டாப்ளர் ஒலியலைப் படமும், ஆழம் காணக் காந்த அதிர்வுப் படமும் துணை செய்யும். முதிர்ந்தோர்க்குப் புதிதாய்த் தோன்றி விரைந்து வளரும் திண்ணிய கட்டியாயின், அரிதேனும் புற்றுநோயாதல் கூடுமாதலின், திசு ஆய்வு தவிர்க்கவொண்ணாதது.

தமிழிற் கலைச்சொல் ஆக்குவோர் இதனின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ‘குருதிக்குழற் கட்டி’ என்னும் தொடரை இரண்டிற்கும் ஒருங்கே வழங்கின், பிறமொழியார் வருந்தித் திருத்திய பிழையை நாம் புதிதாகத் தமிழிற் புகுத்தியவராவோம். வளர்வதைக் ‘கட்டி’ என்றும், அமைப்பிற் பிழைத்ததைப் ‘பிறழமைப்பு’ என்றும் வேறு பிரித்து வழங்குதலே முறையாகும்.