படிக்கும்போது பாட்டு கேட்டால் கவனம் சிதறுகிறது. லோ-ஃபை இசை கேட்டால் மட்டும் பலருக்கு ஏன் சிதறுவதில்லை?

உங்கள் அறையில் மின்விசிறி ஓடுகிறது. அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா? கரண்ட் போய் விசிறி நின்றால்தான், இவ்வளவு நேரம் சத்தம் இருந்ததே தெரியும்.

ஏன்? நம் மூளை ஒரு காவல்காரர். பழகிய ஒலியைத் தெரிந்த ஆள் என்று விட்டுவிடும். புதிய ஒலி வந்தால் உடனே திரும்பிப் பார்க்கும்.

லோ-ஃபை இசையும் அந்த விசிறி போலத்தான். ஒரே சின்ன மெட்டு திரும்பத் திரும்ப வரும். தாளம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 70 முதல் 90 துடிப்புகள். கூர்மையான ஒலிகளை மழுக்கிவிடுவார்கள். பழைய இசைத்தட்டின் மெல்லிய கரகரப்பும் கூடவே வரும். காவல்காரர் திடுக்கிட அங்கே எதுவும் இல்லை.

இன்னொன்று, இதில் பெரும்பாலும் பாடல் வரிகள் கிடையாது. நீங்கள் படிக்கும்போது மூளை சொற்களைக் கையாள்கிறது. காதிலும் சொற்கள் நுழைந்தால், ஒரே வாசலில் இரண்டு கூட்டம் முட்டிக்கொள்ளும்.



ஆனால் லோ-ஃபை இசை எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவாது. சிலருக்கு அமைதியே சிறந்த துணை. அரை மணி நேரம் இசையோடும், அரை மணி நேரம் இல்லாமலும் படித்துப் பாருங்கள். உங்களுக்கு எது பொருந்தும் என்பது தெரிந்துவிடும்.