கரிசல் சோறு – 11: உலைக்கு முன்னால் ஒரு பிடி

வீட்டில் விளைகிற காயைத் தெருவோடு பங்கிட்டுக்கொள்வது பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முதலில் விருதுநகரில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

க்ஷத்திரிய வித்யாசாலை 1889-ல் தொடங்கியது. ஊருக்கு அப்போது விருதுபட்டி என்று பெயர். காமராஜர் படித்தது இங்கேதான். பள்ளியைத் தாங்கி நின்றவை இரண்டு. ஒன்று, வியாபாரச் சரக்கின் மீது உறவின்முறை என்ற சாதிச் சங்கம் வசூலித்த மகமை. மற்றது பிடி அரிசி. காலையில் உலைக்கு அரிசி அளக்கும் பெண், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பாள். அப்படி வீடு வீடாகச் சேர்ந்த அரிசியைப் பள்ளிக்கு வாங்கிப்போவார்கள். பிள்ளைகள் சம்பளம் கட்டாமல் படித்தார்கள்.

பெரிய மனசு படைத்தவர்களை நம்பி இந்த ஏற்பாடு நடக்கவில்லை. பெரிய வீட்டுக்கும் ஒரு பிடி, கூலிக்காரர் வீட்டுக்கும் ஒரு பிடி. வாங்க ஆள் வரும். தருகிறவருக்குப் பாரமில்லை, பெறுகிற பிள்ளைக்கும் தலைகுனிவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அரிசி சாப்பிட்டு மிஞ்சியதில் எடுத்ததல்ல. உலையில் போடுவதற்கு முன்பே எடுத்தது. நம் காய்ப் பங்கீட்டில் இல்லாதது இதுதான். மாடியிலும் கொல்லையிலும் காய் போடுகிறவர்கள் இன்று நம் ஊர்களில் கூடியிருக்கிறார்கள். காய்த்துக் குலுங்கும் வாரத்தில் பக்கத்து வீட்டுக்கு நாலு கத்தரிக்காய் போகும். காய்ப்பு குறைந்ததும் கொடுப்பதும் நின்றுபோகும். மிஞ்சினால் தருவோம் என்று இருக்கும்வரை அது தெருவின் வழக்கமாக ஆகாது.

பிடி அரிசிக்கு ஓர் எல்லை இருந்ததையும் சொல்லியாக வேண்டும். கோவிலுக்குள் விட மறுக்கப்பட்டு, 1899-ல் சிவகாசிக் கலவரம்வரை அடிபட்ட ஒரு சமூகம், தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொள்ளக் கண்ட வழி அது. ஒரு சாதியின் வீடுகளுக்குள் சுற்றிவந்த அரிசி. அந்த எல்லையை உடைத்தவர் அதே பள்ளியில் படித்தவர். முதலமைச்சராக இருந்த காமராஜர் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஆரம்ப ஆண்டுகளில் செலவில் 60 விழுக்காடு அரசு, 40 விழுக்காடு ஊர் என்ற கணக்கில் அது நடந்தது. அரிசி, பருப்பு, காய்கறி, விறகு என்று ஊர் தன் பங்கைப் பொருளாகவும் கொடுத்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் அது சின்ன விஷயமல்ல.

பள்ளி நாளில் பிள்ளையார் சதுர்த்திப் பிரசாதத்தை முண்டியடித்து வாங்காமல், கிடைத்த துளியோடு காமராஜர் வீடு திரும்பியதாக ஒரு கதை சொல்வார்கள். எல்லாரும் காசு கொடுத்திருக்கும்போது எல்லாருக்கும் சமமாகக் கொடுப்பது வாத்தியார் பொறுப்புதானே என்று பாட்டியிடம் கேட்டாராம். பங்கீடு சரியாக நடக்க ஒரு முறை வேண்டும் என்பதைத்தான் அந்தச் சிறுவன் கேட்டிருக்கிறான்.

இனி, நம் மண் தரும் காய். கரிசலில் அதலைக்காயை யாரும் விதைப்பதில்லை. மண்ணுக்குள் கிழங்கு கோடை முழுக்கத் தூங்கும். ஐப்பசி மழை இறங்கியதும் கொடி கிளம்பி, புஞ்சைக்காட்டு ஓரங்களில் படரும். பாகற்காயின் தங்கை மாதிரி சின்னக் காய், நல்ல கசப்பு. வெங்காயம் நிறைய அரிந்துபோட்டு வதக்கினாலும், புளிக்குழம்பு வைத்தாலும் அதன் ருசி தனி. பறித்த காயை உடனே சமைத்துவிட வேண்டும், வைத்திருந்தால் வெடித்துவிடும். தூரத்துச் சந்தைக்கு இது ஏற்றதில்லை. ஆகவே ஒரு பெண் காட்டிலிருந்து மடி நிறையப் பறித்து வந்தால், அன்றைக்கே நாலு வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். மக்காச்சோளமும் களைக்கொல்லியும் வந்த காடுகளில் இந்தக் கொடி அருகிவருகிறது. வேலியோரம் ஒரு கிழங்கையாவது காப்பாற்றி வையுங்கள்.

சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கம் நிலைமை வேறு. விடியுமுன்னே பட்டாசு ஆலை வண்டி வந்துவிடும். திரும்பி வருகிற பெண்ணுக்குச் செடியைப் பார்க்க நேரம் ஏது? குடிநீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. இந்த இடத்தில் தொட்டியும் பையும் வாங்கித் தோட்டம் போடச் சொல்வது வீண். அரிசி களைந்த தண்ணீரிலும் பாத்திரம் அலசிய தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும் முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, கூரையில் ஏறும் சுரை, அவரை போதும். ஒரு வீட்டில் முருங்கை, அடுத்த வீட்டில் சுரை என்று பிரித்துக்கொண்டால் ஆறு வீட்டுக்கு ஆறு காய் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ஆலைக்குப் போட்டுப்போன துணியை அலசிய தண்ணீரை மட்டும் பாத்தியில் விடாதீர்கள். அதில் அலுமினியத் தூளும் கந்தகமும் பேரியம் உப்பும் கலந்திருக்கலாம். கீரைக்கு ஆகாது, அதைத் தின்கிற பிள்ளைக்கும் ஆகாது.

பட்டாசுத் தொழில் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வழக்கமான ஆண்டிலும் தீபாவளி கழிந்தால் கொஞ்ச காலம் வேலை இருக்காது. கையில் காசு வற்றும் அந்த நாட்களில்தான் மழை பெய்து கொடிகள் காய்க்கின்றன, அதலையும் காய்க்கிறது. தெருவில் ஒரு கூடை சுற்றிவர இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

இந்த ஐப்பசிக்குள் சாதி பார்க்காமல் ஆறு வீட்டைச் சேருங்கள். வாரம் ஒரு நாளைக் குறியுங்கள். அன்று பறிக்கிற முதல் காய் கூடைக்கு, அடுத்தது உங்கள் அடுப்புக்கு. கூடையில் ஒரு பங்கு தெரு அங்கன்வாடிக்குப் போகட்டும். கூடையை யார் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விதையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

(தொடரும்)