கூகுள் முத்திரையை உடைத்த கணித நிபுணர்!
மூன்று நாள் வேலை. 75 டாலர் செலவு

2011-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த கணித நிபுணர் ஒருவருக்கு ஒரு இ-மெயில் வந்தது. கூகுள் கம்பெனியில் வேலைக்கு வர விருப்பமா என்று அதில் கேட்டிருந்தது.

அவருக்குச் சந்தேகம் தட்டியது. "இது உண்மையிலேயே கூகுள் அனுப்பியதுதானா? யாராவது போலியாக அனுப்பியிருப்பார்களோ?" என்று நினைத்தார். கடிதத்தின் முத்திரையைச் சோதித்துப் பார்த்தார். ஆச்சரியம் அடைந்தார்.

இ-மெயிலுக்கு முத்திரையா?

ஆம்! இன்ஷ்யூர் பார்சலுக்கு அரக்கு முத்திரை வைக்கிறார்கள் அல்லவா? அதுபோல வெளியே போகும் இ-மெயிலுக்கும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் முத்திரை வைக்கலாம். இதற்கு 'டிகிம்' என்று பெயர்.

முத்திரை வைக்க ஒரு ரகசியச் சாவி உண்டு. அது அனுப்புகிறவரிடம் மட்டும் இருக்கும். முத்திரை சரிதானா என்று பார்க்க மற்றொரு சாவி உண்டு. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முத்திரையிட்ட பகுதியில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது.

எல்லாரும் பார்க்கும் சாவி ஒரு பெரிய எண். அது இரண்டு எண்களைப் பெருக்கி வந்தது. அந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் ரகசியச் சாவி கைக்கு வந்துவிடும்!

91 என்பது ஏழையும் பதின்மூன்றையும் பெருக்கி வந்தது என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எண் பெரிதாகப் பெரிதாகத்தான் கஷ்டம்.

சின்னச் சாவி

கூகுள் வைத்திருந்த சாவி 512 'பிட்' அளவு. அதாவது சுமார் 155 இலக்கம் கொண்ட எண். பெரிதாகத் தோன்றுகிறதா? 1999-ம் ஆண்டிலேயே ஆராய்ச்சியாளர்கள் இந்த அளவு எண்ணைப் பிரித்துவிட்டார்கள். அதற்குச் சுமார் 300 கம்ப்யூட்டர்களும் பல மாதங்களும் தேவைப்பட்டன. நீண்ட நாள் வைத்திருக்கும் சாவி 1024 பிட்டுக்குக் குறையக் கூடாது என்று 2007-ல் வந்த டிகிம் விதியும் சொன்னது.

512 பிட் சாவியை உடைக்கக் கணித நிபுணருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? வாடகைக் கம்ப்யூட்டர்களை வைத்து 72 மணி நேரம். செலவு 75 டாலர்!

வேலையில் அவருக்கு நாட்டம் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கக் கூகுள் வைத்த பரீட்சை இது என்று எண்ணிக்கொண்டார். சாவியை உடைத்தார். கூகுளை நிறுவிய இருவரில் ஒருவர் மற்றவருக்கு எழுதியதுபோலக் கடிதம் அனுப்பினார்.

பதில் வரவில்லை. ஆனால் இரண்டு நாளில் கூகுளின் சாவி 2048 பிட்டாக மாறியிருந்தது! அது பரீட்சையே அல்ல, உண்மையான ஓட்டை. 2012 அக்டோபரில் செய்தி வெளியாயிற்று. வேறு பல பெரிய கம்பெனிகளும் சின்னச் சாவி வைத்திருந்தது அப்போது தெரிந்தது.

இன்னொரு கண் வேண்டும்

இதில் கவனிக்க வேண்டியது என்ன? முத்திரை வைக்கும் புரோகிராம் ஒரு நாளும் தகராறு செய்யவில்லை. கடிதங்கள் போயின, முத்திரையும் பொருந்தியது. புரோகிராம் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது.

அதனால்தான் ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் வரி வரியாகப் படித்துப் பார்க்கிறார்கள். படிப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் பல.

சாவி எத்தனை பிட்? ரகசியச் சாவி இருக்கும் பைலை யார் யார் திறக்க முடியும்? அனுப்புகிறவர் பெயரும் முத்திரைக்குள் அடங்குகிறதா? முத்திரை வைத்த பிறகு யாராவது கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்க்கிறார்களா? முத்திரை வைக்க முடியாமல் போனால் புரோகிராம் எச்சரிக்குமா, சும்மா அனுப்பிவிடுமா?

2018 ஜனவரியில் விதி இன்னும் கடுமையாயிற்று. 1024 பிட்டுக்குக் குறைந்த சாவியால் வைத்த முத்திரையை ஏற்கவே கூடாது; 2048 பிட் சாவியே நல்லது என்று அது கூறுகிறது.

வீட்டில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கடிதம் எந்த முகவரியின் பெயரால் வந்தது என்பதைத்தான் முத்திரை சொல்லும். அனுப்பியவர் யோக்கியரா என்று சொல்லாது. மோசக்காரனும் தன் சொந்த முகவரிக்கு நல்ல முத்திரை வைத்துக்கொள்ளலாம். ஆகவே பாங்கி பெயரில் கடிதம் வந்து பணமோ ரகசிய எண்ணோ கேட்டால், பாங்கிக்கே நேரில் போய்க் கேளுங்கள்!