கோட்டைக்கு வெளியே ஒரு செஞ்சி

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் செஞ்சி நெருங்க நெருங்க, இரு பக்கமும் பாறைக்குன்றுகள் எழும்பத் தொடங்கிவிடும். பஸ்ஸில் வருகிறவர்களின் கண் நேரே ராஜகிரி உச்சிக்குத்தான் போகும். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பிடித்தது செஞ்சி ஒன்றுதான். நியாயமான பெருமை. ஆனால், இந்த வட்டாரத்தின் கதையில் கோட்டை பிற்பாடு வந்த சங்கதி. அதற்குப் பல நூற்றாண்டு மூத்தவை எல்லாம் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருக்கின்றன.

கோட்டைக்கு அரை நாள்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை மதிலால் இணைத்துக் கட்டியது செஞ்சிக் கோட்டை. 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்தபடி முகலாயப் படையை ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்தினார். 1698-இல்தான் கோட்டை விழுந்தது. பிறகு வந்த தேசிங்கு ராஜன் முழுசாக ஒரு வருஷம்கூட ஆளவில்லை. 1714-இல் ஆற்காட்டு நவாபுடன் மோதி, இளம் வயதிலேயே களத்தில் மாண்டான். ஆனாலும் ‘செஞ்சிக் கோட்டை ஏறினவன் எல்லாம் தேசிங்கு ராஜனா?’ என்று பழமொழியில் உட்கார்ந்துகொண்டது அவன்தான்.

காலையிலேயே ஏறிவிடுங்கள்; வெயில் ஏறினால் பாறை சுடும். கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் விடாது. கல்யாண மகால், நெற்களஞ்சியம், சாதத்துல்லா கான் மசூதி, வேங்கடரமணர் கோயில் எல்லாம் அடிவாரத்திலேயே இருப்பதால் ஏற முடியாதவர்களுக்கும் ஏமாற்றமில்லை.

உண்ணாநோன்புக்கு ஒரு கல்வெட்டு

செஞ்சிக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் சிங்கவரம். குன்றின்மேல் பல்லவர் காலத்துக் குடைவரையில், ஒரே பாறையில் வடித்த ரங்கநாதர் நீட்டிப் படுத்திருக்கிறார். பக்கத்திலேயே திருநாதர்குன்று. மேலே ஒரு பெரும்பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்களும், வரிசைக்கு 12 பேராக, இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர்போலவே மற்றவர், அசைவில்லாத தியானக் கோலம். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த செய்தியை இங்குள்ள பழந்தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. அரசனைப் பற்றியோ போரைப் பற்றியோ அதில் பேச்சில்லை.

அந்தச் சமணம் இங்கே இன்னும் வாழ்கிறது. மேல்சித்தாமூரில் இருக்கும் மடம்தான் தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடம். பார்சுவநாதர் கோயிலும் அங்கேயே இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் நயினார் எனப்படும் சமணக் குடும்பங்கள் உழவும் பயிருமாக இருக்கின்றன. பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்ற நோன்பைக் காப்பவர்கள் இன்றும் அவர்களில் உண்டு.

செங்கல் இல்லை, மரம் இல்லை

விழுப்புரம் சாலைப் பக்கம் இறங்கினால் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாக பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் இங்கே வடமொழியில் பொறித்து வைத்தான். கருவறை மூன்றும் இப்போது காலி. ஆனால் முகப்பில் இரு பக்கமும் நிற்கும் வாயிற்காவலர்கள், கதையின் மேல் கையூன்றி, இன்றைக்கும் வேலையில் இருக்கிறார்கள். அவன் குடைவித்த இன்னொரு கோயில் அருகே தளவானூரில். தூண்களுக்கு மேலே ஓடும் மகரதோரணம் அதன் தனி அழகு.

அன்னியூர் பக்கம் பனமலை. காஞ்சி கைலாசநாதர் கோயிலை எடுத்த ராஜசிம்மன், ஏரியைப் பார்த்தபடி குன்றின்மேல் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். வடபுறச் சிற்றறையின் சுவரில் பார்வதி: தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்து, தலையைச் சற்றே சாய்த்து, சிவனின் ஆட்டத்தை ரசிக்கிறாள். ஆடிய சிவனின் ஓவியம் பெரும்பாலும் உதிர்ந்துபோனது. பார்க்கிறவள் மட்டும் 1,300 ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பாறைதான் முதல்

துறவிக்கு நோன்பிருக்க இடம், பல்லவனுக்குக் கோயில், பின்வந்தவர்களுக்குக் கோட்டை: எல்லாம் இந்தப் பாறை கொடுத்தது. இன்றைக்கு அதற்கு ஜல்லி விலை வந்துவிட்டது. தொல்லியல் துறை பாதுகாக்கும் மத்தியச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கல் உடைக்கத் தடை உண்டு. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். பட்டியலில் ஏறாத குன்றுக்கு அந்தக் காப்பும் கிடையாது. ஆள் நடமாட்டம் இருக்கும் குன்றில் வெடி வைக்கக் கொஞ்சமாவது யோசிப்பார்கள். ஆகவே, கோட்டையைப் பார்த்த கையோடு ஊர் திரும்பாதீர்கள். செஞ்சியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் ஒரு வண்டி பேசிக்கொண்டு இந்தக் கிராமங்களுக்குப் போங்கள். பூட்டியிருந்தால், சாவி யாரிடம் என்று ஊரில் விசாரியுங்கள். தேடி வருகிறவர்கள் உண்டு என்பது அங்கே தெரியவேண்டும்.