கண்ணாடித் தொட்டியில் கப்பிக் குஞ்சுகள்

அரிசி வரத்து, உளுந்து விலை, லாரி வாடகை என்று எழுதி வந்த நாம் இம்முறை மீன் குஞ்சுகளைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நம்மில் பலர் கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறோம். அதில் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய நான்கில் ஒன்றாவது நீந்திக்கொண்டிருக்கும். இவை முட்டையிடாமல் குட்டி போடும் மீன்கள். போட்ட குட்டிகள் எங்கே போகின்றன என்பதுதான் விஷயம்.

செங்குன்றத்தில் நமது அரிசி மண்டியில் இரண்டடி நீளத் தொட்டி ஒன்று உண்டு. அது பேத்தியின் ஆசைக்காக வாங்கியது. ஆண் இரண்டு, பெண் நான்கு என ஆறு கப்பிகளை விட்டோம். ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்டால், தண்ணீரில் கண்ணும் வாலுமாகச் சிறு துரும்புகள் நெளிகின்றன. நாம் கொசுப்புழு என்றே நினைத்தோம். பேத்திதான் பார்த்துவிட்டு, “தாத்தா, குட்டி போட்டிருக்கு!” என்று கத்தினாள். எண்ணி முப்பத்தொன்று என்றாள். “தனியா எடுத்து வைங்க தாத்தா” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அன்றைக்கென்று இரண்டு லோடு வந்து இறங்கியது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அவள் திரும்பி வந்தபோது நான்குதான் இருந்தன. இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை.

தின்றது வேறு யாருமில்லை, பெற்ற தாயும் கூட இருந்தவையும்தான். கப்பிக்குத் தன் குட்டி, பிறர் குட்டி என்ற பேதம் கிடையாது. வாய்க்குள் அடங்கி அசைகிற எதுவும் அதற்குத் தீனி. தப்பிய சில, வடிகட்டிக் குழாய் இழுத்ததில் போயிருக்கும்.

கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருப்பதை அறிவீர்கள். அங்கே ஒரு கடைக்காரத் தம்பியிடம் போய் நின்றோம். “கவலைப்படாதீங்க அய்யா, ஒரு மாசத்துல மறுபடியும் போடும்” என்றார். ஒரு முறை ஆணோடு சேர்ந்த பெண் கப்பி, அந்த விந்தை வயிற்றில் சேமித்து வைத்துக்கொண்டு, ஆண் இல்லாமலே அடுத்தடுத்துப் பல ஈற்றுகள் போடுமாம். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு ஈற்று. அதற்குள் ஏற்பாடு செய்துகொண்டால் போதும் என்றார்.

அடையாளம் இதுதான். பெண் மீனின் வயிற்றின் பின்புறம், கழிவாய்க்கு அருகே ஒரு கரும்புள்ளி இருக்கும். நாள் நெருங்க நெருங்க அது பெரிதாகிக் கறுக்கும். வயிறு உருண்டை மாறிச் சதுரமாகத் தெரியும். பிறகு மீன் கூட்டத்தை விட்டு ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். அப்போதுதான் அதை மாற்ற வேண்டும். முன்கூட்டியே பிடித்துச் சின்னப் பெட்டியில் அடைத்தால் மிரண்டுபோய்க் குறைப்பிரசவம் ஆகிவிடும். கடையில் பிளாஸ்டிக் பிரசவப் பெட்டி விற்கிறார்கள். தாய் மேல் தட்டில் இருக்க, குட்டிகள் இடுக்கு வழியே கீழே விழும். நமக்கு அது ஒப்பவில்லை, இடம் போதாது. ஒரு பிளாஸ்டிக் டப்பில் பழைய தொட்டித் தண்ணீரையே ஊற்றி, ஜாவா பாசியை அடர்த்தியாகப் போட்டு, தாயை அதில் விட்டோம். பாசிக்குள் குட்டி ஒளிந்துகொள்ளும், தாயால் நுழைய முடியாது. பிரசவம் முடிந்ததும் தாயை எடுத்துவிட வேண்டும். டப் வைக்க வசதியில்லாதவர்கள் பெரிய தொட்டியிலேயே மிதக்கும் செடியும் பாசியும் நிறையப் போட்டு, வடிகட்டி வாய்க்குப் பஞ்சு கட்டிவிட்டாலும் சில குட்டிகள் பிழைக்கும்.

இரண்டாம் ஈற்றில் இருபத்துநான்கு குட்டிகள். அத்தனையும் உயிரோடு இருந்தன. பேத்திக்கும் நமக்கும் சமாதானம் ஆயிற்று. ஆனால் தீனி விஷயத்தில் தவறினோம். வெந்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டி நீரில் பிழிந்து கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தோம். நம் வீட்டில் முட்டை வாசற்படி தாண்டாது. மண்டிப் பையன் டீக்கடையில் வேகவைத்து வாங்கி வந்தான். குட்டிகள் நன்றாகத் தின்னட்டும் என்று தாராளமாகப் பிழிந்தோம். ஊசி முனையளவு போதும் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் தண்ணீர் பால்போல் வெளுத்து நாற்றம் அடித்தது. பதினொன்று செத்து மிதந்தன. நாற்பது வருஷம் எடை போட்ட கைக்கு அளவு தெரியாமல் போனது இன்றும் உறுத்துகிறது. அவளிடம் நாமே சொன்னோம். அவள் அழவில்லை, மிச்சத்தை எண்ணினாள்.

உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்து, வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த நீரை மெதுவாக ஊற்றினோம். சாயங்காலம் மறுபடியும் அப்படியே. குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றினால் குளோரின் குட்டிகளைக் கொன்றுவிடும்.

அதன்பின் ஆர்ட்டீமியா முட்டைக்கு மாறினோம். பழுப்புத் தூள்போல் சின்ன டப்பாவில் கிடைக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய இருபத்தைந்து கிராம் கல் உப்பைக் கரைத்து, ஒரு சிட்டிகை தூளைப் போட்டு, காற்றுக் குழாயைச் செருகி வைத்தால் ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தி ஒரு பக்கம் விளக்கைக் காட்டினால் ஆரஞ்சு நிறப் புழுக்கள் வெளிச்சத்துக்கு வந்து கூடும். துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். குட்டிகள் துரத்திப் பிடித்துத் தின்பதைப் பார்க்கப் பார்க்க அலுக்காது. இது இல்லாத நாளில், பெரிய மீனுக்குப் போடும் தீனியை விரல் நுனியில் மாவாகக் கசக்கித் தூவலாம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமே கொஞ்சம்.

ஒரு மாதம் போனதும் ஆணுக்கு அடித்துடுப்பு குச்சிபோல் மாறத் தொடங்கும். அப்போதே ஆண், பெண் பிரித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சரக்கு தேங்கிவிடும். பெரிய மீனின் வாய்க்கு அடங்காத அளவு வளர்ந்த பிறகு தொட்டியில் சேர்க்கலாம்.

கப்பிக்கு அந்தப் பெயர் ஒரு மனிதரால் வந்தது. ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவர் 1866-ல் டிரினிடாட் தீவிலிருந்து இந்த மீனை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். கொசுப்புழுவைத் தின்னும் என்று 1908-ல் நம் நாட்டுக்கு வந்தது. மிஞ்சியதை ஏரியிலோ குளத்திலோ கொட்டிவிட வேண்டாம். அயல் மீன் பெருகினால் நம் ஊர் மீன்களுக்கு இடைஞ்சல்.

நம் பதின்மூன்றும் வளர்ந்துவிட்டன. எதிர்க்கடை எண்ணெய் வியாபாரி நான்கு கேட்டிருக்கிறார். பாசி போட்டு வைத்திருக்கிறாரா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்கிறாள் பேத்தி.